ஏற்றத்தில் வந்தவள்

குடத்தில் தண்ணீர் குறைந்திருந்தது. காலையில் விளக்கேற்றும்போது விளிம்பு தளும்ப நின்ற தண்ணீர், தமிழரசி உலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கையில் குடத்தின் கழுத்துக்குக் கீழே போயிருந்தது. குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள். ஈரம் இல்லை. குடத்தின் அடியில் பரப்பியிருந்த அரிசியும் காய்ந்துதான் கிடந்தது. பித்தளைக் குடம், ஓட்டை உடைசல் எதுவும் கிடையாது. புழுக்கம் குடித்திருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். வேலைக்கா பஞ்சம்? தங்கை சிங்கப்பூரிலிருந்து நாளைக்கு வருகிறாள், படகில் உல்லாசமாகப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறாள், நிறைவேற்ற யாங்கோனில் ஓர் அக்காள் இருக்கவே இருக்கிறாள்.

தங்கை புஷ்பலதா போட்ட திட்டம் இதுதான். அப்பா வடிவேலுவுக்கு எழுபது வயது நிறைகிறது. மோட்டார் படகு ஒன்றை அமர்த்திக்கொண்டு மூவரும் சில நாள் தண்ணீரிலேயே கழிக்க வேண்டும். போட்டடாங் துறையில் ஏறி, ஆற்றோடு இறங்கி, கியாக்தானில் தண்ணீர் நடுவே நிற்கும் பகோடாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி, துவாண்டே கால்வாய் வழியாக ஐராவதிக் கழிமுகத்துக்குள் போக வேண்டும். படுக்க அறை, சமைக்க அடுப்பு, மேல்தளத்தில் சாய்வு நாற்காலி எல்லாம் இருக்க வேண்டும். பணம் அனுப்புகிறவள் அவள். துறை துறையாக அலைந்து, கழிப்பறை நாறாத படகாகத் தேடி, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறி இறங்கியவள் தமிழரசி. அப்பாவோ தெரு முழுக்க, சின்னவள் என்னைப் படகில் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

படகுக்கு ஏற்பாடு செய்த கமால் மட்டும்தான் அவளை ஒரு பொருட்டாக மதித்தார். கடல் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதுமாக இந்த ஆறுகளும் ஓடைகளும் ஒரு நாளைக்குள் மாறி மாறித் திசை திரும்புவதை அவர்தான் பொறுமையாக விளக்கினார்.

"வத்தத்தோட கீழ இறங்கணும், மா அரசி. ஏத்தம் வந்ததும் ஓடைக்குள்ள நுழைஞ்சிடணும். தவறிப்போச்சுன்னா சேத்துல குந்திக்கிட்டு கொசு ஓட்ட வேண்டியதுதான்" என்றார், பர்மிய வழக்கப்படி மரியாதைக்குப் பெயர் முன்னால் மா போட்டு.

ஏற்ற வற்ற நேரங்களை அவள் கைபேசிக்கும் அனுப்பிவைத்தார். படுக்கையில் கிடந்து படித்துப் படித்து அவளுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. பிடித்தும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அதுவும் புஷ்பாவின் தயவு என்றாகிவிடும். முன்னால் இருக்கும் பெரிய அறை எனக்கு, நடு அறை அப்பாவுக்கு, என்ஜின் பக்கத்து அறை உனக்கு என்று தங்கை போனில் பங்கு பிரித்தபோது, சரி என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா விஷயத்தில் மட்டும் அவளால் பல்லைக் கடிக்க முடியவில்லை. பூவும் மஞ்சளுமாகப் போய்ச் சேர்ந்த சுமங்கலியை, வீட்டில் நல்லது எதுவும் தொடங்குமுன் நீர்க்கரையிலிருந்து அழைத்து வந்து உட்கார வைப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். பூவாடைக்காரி என்பார்கள். அப்பா ஓடைக்கரைக்குப் போய், கிழக்கே பார்த்து நின்று, ரத்தினம்மா, ரத்தினம்மா என்று பெயர் சொல்லி அழைத்துக் குடத்தில் நீர் மொண்டு வருவார். அரிசி பரப்பி, குடத்தை அதன்மேல் வைத்து, பக்கத்தில் புதுச்சேலையை மடித்து வைத்து, விளிம்பில் ஒரு செவ்வரளிப் பூவை நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். பூ யார் பக்கம் விழுகிறதோ அவர்மேல் அம்மாவுக்கு மனம் இருக்கிறது என்று அர்த்தம். அது எப்போதும் புஷ்பா பக்கம்தான் விழும். ஒருமுறை புஷ்பா சிங்கப்பூரில் இருந்தாள், கைபேசியில் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு. சுவரில் சாய்த்து வைத்திருந்த அந்தக் கைபேசியின் பக்கம் போய் விழுந்தது பூ. அப்பா சிரித்தார். அம்மாவின் கடைசி வருஷங்களில் மலச்சட்டி கழுவி, முதுகு துடைத்துவிட்ட தமிழரசி எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள்.

அதனால்தான் இந்தமுறை முந்திக்கொண்டாள். புஷ்பா வந்தபிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு பசுண்டாங் ஓடைக்கரைக்கு அவளே போனாள். கடல் பக்கமிருந்து தண்ணீர் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. ஆகாயத்தாமரைக் கொத்துகள் ஊருக்குள் ஏறி வந்தன. ஏற்றம் என்று பார்த்தவுடனே புரிந்ததில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை. படியில் நின்று அழைத்தாள். அம்மா. அம்மா. அம்மா, எனக்கு மட்டும் வா.

அன்று மாலை பூ அவள் மடியிலேயே விழுந்தது. அப்பா மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். தமிழரசி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போன் போட்டு, அம்மா வந்துவிட்டாள், என்னிடம்தான் வந்திருக்கிறாள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். நிஜமாகவா என்று தங்கை திரும்பத் திரும்பக் கேட்டது காதுக்கு இனிமையாக இருந்தது.

அப்படி வந்தவளுடைய குடத்தில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வது? மாலையில் மறுபடி போய்ப் பார்த்தாள். குடம் நிறைந்து தளும்பியது. யாரும் ஊற்றவில்லை. கைபேசியை எடுத்துக் கமால் அனுப்பிய நேரங்களைப் பார்த்தாள். வெளியே ஓடை நிறையும் நேரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் இந்தக் குடமும் நிறைந்திருந்தது. ஓடை வற்றிய நேரத்தில் இதுவும் வற்றியிருந்தது. அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

பயம் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் வந்தது. அன்றிரவு படுக்கையில் கால்மாட்டிலிருந்து போர்வை மெல்ல மேலேறி அவள் தோளை மூடியது. காலையில் கூடத்திலிருந்து அவள் கட்டில்வரை ஈரச்சுவடுகள், சின்னப் பாதங்கள், விரல் அகன்றவை. அம்மாவின் பாதம் இத்தனை சின்னதா என்று யோசித்தாள். செத்தவர்கள் சுருங்கிப்போவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அப்பா எழுவதற்குள் துணி போட்டுத் துடைத்தாள். குடத்தருகே மடித்து வைத்த புதுச்சேலை பிரிந்து கிடந்தது. கரையெல்லாம் சேறு. அதை முகர்ந்தாள். ஓடைச் சேற்று வாடை, அதற்கு மேலே குளுகுளுவென்று தனகாவின் மணம். பர்மியப் பெண்கள் கன்னத்தில் அரைத்துப் பூசும் அந்தச் சந்தன நிறக் குழம்பை அம்மா தொட்டதே இல்லை. மஞ்சள்தான் பூசுவாள்.

அதையும் தமிழரசி துவைத்துக் காயப்போட்டாள்.

புஷ்பாவின் விமானம் பிற்பகலில் இறங்கியது. விமான நிலையத்திலிருந்து கிளம்பிவிட்டேன் என்று செய்தி வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மேகம் கவிந்திருந்ததால் கூடம் முன்னதாகவே இருண்டது. மின்சாரமும் போயிற்று. தெருவில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன. அவர்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் இல்லை. தமிழரசி மெழுகுவர்த்தியைத் தேடி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது பின்னந்தலையில் ஒரு கை பட்டது. குளிர்ந்த கை. உச்சியிலிருந்து நுனிவரை கூந்தலை வருடிக்கொண்டு இறங்கிற்று. கண்ணை மூடிக்கொண்டாள். இதற்காகத்தானே இத்தனை வருஷம்.

"தமீ" என்றது குரல், காதோரம்.

பர்மியத் தாய் மகளைக் கூப்பிடும் சொல். கடையில், பேருந்தில், பள்ளிக்கூட வாசலில் தினமும் கேட்பது. ரத்தினம்மாள் இந்த வீட்டுக்குள் ஒரு நாளும் தமிழைத் தவிர வேறு பேசியவள் இல்லை.

மெழுகுவர்த்தி கையிலிருந்து விழுந்து உருண்டது. அப்பா அறையிலிருந்து வந்து தீக்குச்சி கிழித்தார். வெளிச்சத்தில் தரையைப் பார்த்தார். சுவடுகள். தளும்பி வழியும் குடத்தைப் பார்த்தார். துறைமுகத்தில் வேலை செய்த மனிதர். கழிமுக ஊர்களை வாரிக்கொண்டு போன நர்கிஸ் புயலுக்குப் பிறகு ஏற்றத்தில் எதெல்லாம் மிதந்து வந்தது என்று கண்ணால் கண்டவர்.

"பேரைச் சொல்லித்தானே கூப்பிட்ட?" என்றார்.

"அம்மா பேரை நான் எப்படிப்பா சொல்றது?"

அப்பாவின் விரலைத் தீ சுட்டது. அவர் அதை உதறக்கூட இல்லை.

"ஆத்தோரம் நின்னு அம்மான்னு அழுதா, புள்ளையப் பறிகொடுத்த எந்தத் தாய்தான் திரும்பிப் பாக்க மாட்டா, அரசி?"

வற்றம் தொடங்கியதும் குடத்தை ஓடையில் கொட்டிவிடலாம், போகும் தண்ணீரோடு போகட்டும் என்றார். அதுவரை புஷ்பா இந்த வாசலை மிதிக்கக்கூடாது, அவள் வாயால் அம்மா என்ற சொல் வரவே கூடாது என்றார். போன் போட்டார், தொடர்பு கிடைக்கவில்லை. தெருமுனையிலேயே அவளை நிறுத்திவிடுகிறேன், நீ பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிரு, எனக்கு முன்னால் வந்துவிட்டால் சத்தம் போட்டுத் தடுத்துவிடு என்று சொல்லிவிட்டு, வலிக்கிற முழங்காலோடு சுவரைப் பிடித்துப் படி இறங்கினார்.

தமிழரசி பால்கனிக்குப் போனாள். கூடவே வந்தது ஈர நடை. சளக். சளக். கூந்தலில் மறுபடி அந்தக் கை.

எடுத்துவிட்டிருக்கலாம். தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பியிருக்கலாம். அவள் அசையவில்லை. யாராக இருந்தால் என்ன? தன்னிடம் வந்தவள். தனக்கென்று வந்தவள். பெற்றவள் செய்யாததைச் செய்கிறவள். இவளைக் கொண்டுபோய்ச் சேற்றில் கொட்டிவிட்டு, நாளைக்கு என்ஜின் அறையில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டுமா?

கீழே வாடகைக் கார் நின்றது. புஷ்பா இறங்கினாள். அப்பாவைக் காணோம், இன்னும் படியில்தான் எங்கோ இருக்க வேண்டும். புஷ்பா அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். சிவப்புப் பெட்டி, வெட்டிவிட்ட அழகான முடி.

ஒரு வார்த்தை போதும். வராதே என்று ஒரு வார்த்தை.

பார்க்கட்டும். இந்தமுறை யார் பக்கம் என்று கண்ணால் பார்க்கட்டும். தமிழரசி வாயைத் திறக்கவில்லை.

மாடியிலிருந்து தெருவரை தொங்கும் மணிக்கயிற்றைப் பிடித்து ஆட்டினாள் புஷ்பா, சின்ன வயதில் ஆட்டுவதுபோல. மணி கிணுகிணுத்தது.

"அம்மா, நான் வந்துட்டேன்" என்று கூவினாள்.

கூந்தலிலிருந்த கை நின்றது.

விலகிற்று.

சளக். கூடத்தைத் தாண்டி. சளக். கதவைத் தாண்டி. தமிழரசியின் பின்னந்தலை சில்லென்று காலியாக இருந்தது.

"போகாத" என்றாள். "எங்கிட்டதானே வந்த?"

படிக்கட்டில் புஷ்பாவின் செருப்புச் சத்தம் மேலே வந்தது. இருட்டில் அப்பாவைக் கடந்திருக்க வேண்டும். நில்லு, நில்லு என்று அவர் கத்துவது கேட்டது. செருப்புச் சத்தம் நிற்கவில்லை. பிறகு நின்றது. பெட்டி மட்டும் படிப்படியாக உருண்டு கீழே போயிற்று.

தமிழரசி கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

புஷ்பா வாசற்படிக்கு வெளியே தரையில் சாய்ந்து கிடந்தாள். தலை மட்டும் தரையைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில், எதன்மீதோ வைத்ததுபோல, சுகமாகச் சரிந்திருந்தது. நெற்றியில் ஒட்டிய முடி தானாக ஒதுங்கியது. வாயோரம் தண்ணீர் கசிந்தது. கலங்கல் தண்ணீர். கசிவு ஒழுக்காயிற்று. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. கண்கள் மட்டும் விழித்து அக்காளையே பார்த்தன.

"தமீ" என்றது குரல். எத்தனை வாஞ்சை அதில். "தமீ. தமீ."

கீழ்ப்படியிலிருந்து அப்பா, ரத்தினம்மா, ரத்தினம்மா என்று அழைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெயருக்கு அங்கே யாரும் திரும்பவில்லை.

இவளுமா, என்று நினைத்தாள் தமிழரசி. தங்கையின் உதடு நீலம் பாய்வதைப் பார்த்துக்கொண்டே அதைத்தான் நினைத்தாள். வழி தவறி வந்த இவளுக்கும் சின்னவள்தான் வேண்டுமா? நெஞ்சு எரிந்தது. மண்டியிட்டாள். தண்ணீர் முழங்காலை நனைத்தது. இளஞ்சூடான, உப்புக் கரிக்கும் தண்ணீர், படிகளில் கீழிருந்து மேலாக ஏறி வந்துகொண்டிருந்தது.

"அம்மா" என்றாள். "நானும் இருக்கேன்மா."

குரல் நின்றது. இருட்டு அவள் பக்கம் திரும்பியது. பிறகு அந்தக் குளிர்ந்த கை அவள் கழுத்தை மெல்ல வளைத்துக் கீழே இழுத்தது. தமிழரசி கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, தங்கையின் முகத்துக்கு நேராகத் தலையைச் சாய்த்தாள். அந்த மடியில் அவளுக்கும் இடம் இருந்தது.