உணர்ச்சி என்று குறிக்கப்பட்டவை

பிலோமினா குரல்கூண்டுக்குள் நின்று இருபது நிமிடம் பேசினாள். வெளியே வந்தபோது இயந்திரம் நீட்டிய தாளில் இரண்டே வரிகள் இருந்தன: 'என் கணவர் சூசைராஜ் இறந்துவிட்டார். எனக்கு இரண்டு பிள்ளைகள்.'

"இன்னா இது? இம்மாந்நேரம் பேசினேனே, மீதி எங்க?" தாளை மேசைமேல் அறைந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த தமயந்தி, அந்தக் குறைதீர் மன்றத்தின் நிரலாளர். மனுக்களை இப்போது யாரும் எழுதுவதில்லை. குறியிடி என்ற இயந்திரம் பேச்சைக் கேட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் 'தகவல்' அல்லது 'உணர்ச்சி' என்ற குறிக்குள் அடைத்து எக்ஸ்எம்எல் என்ற வகைக் கணினிக் கோப்பாக்கும். 'தகவல்' குறிக்குள் இருப்பதை மட்டும் உருவி அதிகாரிகளுக்கு அனுப்பும் நிரல் தமயந்தி எழுதியது. ஆறே வரி. அதற்கு விருதுகூட வாங்கியிருந்தாள்.

"உணர்ச்சியா பேசினது தாள்ல வராதும்மா. அதான் விதி."

"குழாய் கசியுதுன்னு மூணு நாளா சொன்னாரே, சூபர்வைசர் சிரிச்சானே, அது உணர்ச்சியா?"

தமயந்தி மூலக் கோப்பைத் திறந்தாள். தொழிற்சாலையில் குழாய் கசிந்த ஏழாம் தொட்டி, சூசைராஜ் இறந்த செவ்வாய்க்கிழமை, மேற்பார்வையாளரின் பெயர், எல்லாமே இருந்தன. அவற்றைச் சொல்லும்போது பிலோமினாவின் குரல் நடுங்கியிருந்தது. அதனால் 'உணர்ச்சி'. அதனால் வெட்டு.

தமயந்தி தன் நிரலைத் திறந்தாள். நிரலில் 'தகவல்' என்ற ஒரு சொல்லை அழித்து 'உணர்ச்சி' என்று மாற்றினாள். அந்தத் தொழிற்சாலையைப் பற்றி மூன்று ஆண்டுகளில் வந்த மனுக்கள் எல்லாவற்றிலும் ஓடவிட்டாள். ஏழாம் தொட்டி அறுபத்தொரு முறை வந்தது. அறுபத்தொரு பேர் அழுதுகொண்டே சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சொன்னதுகூட யார் கண்ணிலும் படவில்லை.

பட்டியலோடு ஆணையர் பரசுராமன் அறைக்குள் போனாள்.

"வாங்க, உட்காருங்க" என்றார் அவர். படித்துவிட்டு எரிச்சலோடு தள்ளிவைத்தார். "அழுதுகிட்டே சொல்றதெல்லாம் சாட்சி ஆகாதும்மா."

"புருஷனைப் பறிகொடுத்தவ எப்படி சார் பேசணும்? செய்தி வாசிக்கிற மாதிரியா? நாம கேட்டிருந்தா சூசைராஜ் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பாரு!"

ஆணையர் எழுந்து கத்தினார். "உன்னை வேலையிலிருந்து நீக்குறேன்! இந்த நிமிஷமே! அந்தக் கோப்பைத் தொடாதே!"

அந்த அறையிலும் இருந்த குறியிடியிலிருந்து பதிவுத்தாள் வெளியே வந்தது. 'ஆணையர்: வாங்க, உட்காருங்க.' அவ்வளவுதான். அவள் கேட்ட கேள்வி இல்லை. அவர் போட்ட உத்தரவும் இல்லை. தாளில் வராத எதுவும் உத்தரவாகாது என்பது ஆணையரே கையெழுத்திட்ட விதி.

அவர் தாளைப் பறித்துப் பார்த்தார். குரல்கூண்டுக்கு ஓடினார். உத்தரவை மறுபடி சொன்னார். வெற்றுத்தாள் வந்தது. இன்னும் உரக்கச் சொன்னார். மறுபடி வெற்றுத்தாள்.

தமயந்தி தன் இருக்கைக்குத் திரும்பினாள். அறுபத்தொரு வாக்கியங்களையும் 'தகவல்' குறிக்குள் மாற்றிவைத்து நீதிமன்றத்துக்கு அனுப்பினாள். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

குரல்கூண்டின் கண்ணாடிக்கு அப்பால் ஆணையர் முகம் சிவக்கக் கத்திக்கொண்டே சுவரைக் குத்திக்கொண்டிருந்தார். பிலோமினா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா சொல்றாரு அந்த ஆளு?"

"தெரியலம்மா" என்றாள் தமயந்தி. "இன்னும் எதுவும் பதிவாகல."