மார்ச் இருபத்தொன்பதாம் தேதிப் படம்

நவம்பர் மழையில் நனைந்தபடி, பெங்களூர் லிங்கராஜபுரத்தில் சந்தானத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார் மதலைமுத்து. அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். வருமான வரி நோட்டீஸை நீட்டினார்.

விஷயம் இதுதான். பட்டறைக் கூரையில் சோலார் போட்டால், அதன் விலையில் கணிசமான பங்கை அந்த வருட லாபத்தில் கழித்துக்கொள்ள அரசு சலுகை தருகிறது. ஆனால் மார்ச் 31க்குள் அது ஓடியிருக்க வேண்டும். வீட்டில் சொன்னதை நம்பிச் சலுகை கேட்டுப் படிவம் கொடுத்துவிட்டார்; அதற்குள் ஓடியதா என்று அதிகாரி கேட்கிறார். நாளை சத்தியப் பத்திரம் தரவேண்டும். மதலைமுத்துவோ இதய ஆபரேஷனுக்காக ஏப்ரல் கடைசிவரை ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அவருக்கே தெரியாது.

"பொய்ச் சத்தியம்னா ஜெயிலாமே சார். பயத்துல சோறே இறங்கல."

மின்வாரிய இணைப்பில்லாமல் பாட்டரியில் தனியாக ஓடும் சோலார் என்பதால் மீட்டர் காகிதமும் இல்லை. மனைவி ஜூலியா எடுத்த படம் ஒன்றுதான் சாட்சி. மின் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது இப்படிப்பட்ட சிக்கல்களை ஆராய்ந்து சொல்லும் சந்தானம் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். மூலையில் 29-3-2025. நடுவே விளக்கெரியும் இன்வெர்ட்டர். அதன்மேல் வாடாத குருத்தோலையில் பின்னிய சின்னச் சிலுவை.

அவருடைய உதவியாளர் ஸ்னேஹாவுக்குப் பொறுமை ஏது? சோலார் போட்ட ஷ்ரேயாஸ்தான் தேதியை மாற்றியிருப்பான், பிடித்து உலுக்கலாம் என்றாள். சந்தானம் குடையை எடுத்தார்.

மதியம் ஸ்னேஹாவோடு மதலைமுத்துவின் பட்டறைக்குப் போய், ஷ்ரேயாஸையும் ஜூலியாவையும் அங்கே வரவழைத்தார். லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"ஷ்ரேயாஸுக்கு வேலை முடிஞ்சா கூலி. மார்ச்சா ஏப்ரலாங்கறதுல அவருக்கு ஒரு லாபமும் இல்ல. இந்த ஓலையைப் பாருங்க. போன வருஷத்து ஓலைன்னா காய்ஞ்சு பழுப்பாயிருக்கும். அதையும் மார்ச் அஞ்சாம் தேதி வந்த சாம்பல் புதனுக்கு முன்னாடியே, எரிச்சுச் சாம்பலாக்கக் கோயில்ல குடுத்துடுவாங்க. எங்க தெருவுல வருஷா வருஷம் பார்க்கறேன். புது ஓலை ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறுக்குத்தான் கிடைக்கும். இந்த வருஷம் அது ஏப்ரல் பதிமூணு."

ஏப்ரல் பதினாறில்தான் ஸ்விட்ச் போட்டேன், ஜூலியா அம்மா கெஞ்சியதால் வாயை மூடிக்கொண்டேன் என்று ஷ்ரேயாஸ் ஒப்புக்கொண்டான். ஸ்னேஹாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

ஜூலியா கணவரைப் பார்க்காமலே பேசினாள். "போன்லயே தேதியை மாத்தினேன். இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. வரி கட்டணும்னா லேத்தை வித்திருக்கணும். நீங்க எழுந்து வந்து எதுல வேலை செய்வீங்க?"

மதலைமுத்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். இதுவரை தனக்காகப் பயந்தவர், இப்போது அவளுக்காகப் பயந்தார்.

திருத்திய வரிப் படிவம் கொடுக்க டிசம்பர் முடிய நேரமிருக்கிறது, சலுகை வேண்டாமென்று எழுதி வரியைக் கட்டிவிடலாம் என்றார் சந்தானம். அதற்குமேல் என்ன ஆகும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை.

"தேதியை மாத்தினது நான்னு எழுதிடறேன்," என்றார் மதலைமுத்து.

"நீங்க அப்போ ஆஸ்பத்திரியில இருந்தீங்க. அதுவும் பொய்தான்," என்றார் சந்தானம்.

ஜூலியா மேஜையிலிருந்த வெற்றுத்தாளை இழுத்து, தேதியை மாற்றியது தான்தான் என்று முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். மதலைமுத்து ஸ்டூலை நகர்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.