மூன்றாம் மலையின் கோடு

கதவும் ஜன்னலும் சாத்தியிருந்த ஆய்வுகூடத்தில் ஈரமண் வாசம் வந்தது. விஜயலெட்சுமி டீச்சர் இன்னொரு தரம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். மழை விட்ட தகரக்கூரை சொட்டிக்கொண்டிருந்த சத்தமும், பசறைக்கு இறங்கும் பஸ்ஸின் முனகலும் தவிர அந்த இரவில் பள்ளிக்கூடமே அடங்கிக் கிடந்தது.

முற்றத்துத் தொலைநோக்கி செவ்வாயின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அனுப்ப, அது கணினித் திரையில் கோடாக வளைந்தது. ஒவ்வொரு தாதுவுக்கும் தனி வளைவு உண்டு. புட்டியில் சேகரித்து வைத்த கல்பொடியின் கோடும் அதுவும் பொருந்திவிட்டால், கொழும்பு ஆராய்ச்சிக்கூடத்தில் காலியாக இருக்கும் ஒரே இடம், பக்கத்தில் நிற்கும் ஷிப்னா டீச்சருக்கு.

இருவரும் சேர்ந்து தொடங்கிய வேலை. பள்ளி அதிபர் வாயைத் திறந்தால் ஷிப்னா, ஷிப்னா. விஜயலெட்சுமிக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் மத்தியானம் புட்டியைக் கொட்டிவிட்டு மூன்றாம் மலை மண்ணை அள்ளி நிரப்பினாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்தையே பிள்ளைகளோடு விழுங்கிய மண்சரிவு நடந்த இடம் அது. அங்கே போய்வந்தால் கைகால் கழுவாமல் தோட்டத்தில் யாரும் வாசற்படி ஏறுவதில்லை. பெல் அடித்த அவசரத்தில் இவள் கழுவவில்லை.

"பொருந்தல்லயே டீச்சர்." ஷிப்னாவின் குரல் உடைந்தது.

"மெஷின்ல கோளாறா இருக்கும். விட்டுடுங்க." உள்ளுக்குள் இனித்தது.

ஷிப்னா விடவில்லை. புட்டியை அளந்த அதே விளக்கடியில் தன் கையை நீட்டி அளந்தாள். இரத்தத்துக்கே உரிய இரண்டு பள்ளங்கள் திரையில் தெளிவாக விழுந்தன.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. நீங்களும் கைய வைங்க, பாப்போம்."

மறுத்தால் சந்தேகம் வரும். வைத்தாள்.

கோடு மெல்ல ஊர்ந்தது. பள்ளம் இல்லை. இரத்தமே இல்லை. புட்டி மண்ணின் கோட்டின் மேலேயே, இம்மி பிசகாமல், போய்ப் படுத்தது.

"டீச்சர்... ஒங்க கை..."

ஈரமண் வாசம் குப்பென்று ஏறியது. கையை இழுத்தாள். வரவில்லை. கனத்தது. நகக்கண்களில் கறுப்புச் சேறு கசிந்தது.

உள்ளங்கைத் தோல் புடைத்தது. அடியிலிருந்து, ஒவ்வொன்றாக, ஐந்து சின்ன விரல்நுனிகள் மேலே முட்டின.