கசந்த அவுஸ்லேஸ

"ஐயோ... மாமா!"

ஃபோல்க்மாரின் அலறல் மோசல் ஆற்றின் மறுகரை வரை கேட்டது. இரண்டு நாள் ஒத்திகை பார்த்த அலறல்!

ஒயின் நிலவறையில், பீப்பாய்க்குப் பக்கத்தில், மாமனார் கிஸ்பெர்ட் மல்லாந்து கிடந்தார். கையருகே கவிழ்ந்த கோப்பை.

ஃபோல்க்மாருக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். விற்கவே மாட்டேன் என்று கிழவர் அடம்பிடித்த திராட்சைச் சரிவு... இனி அதற்கு விலை பேசி வைத்திருக்கும் ஓட்டல்காரனுக்கு!

ஐந்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் ரைன்ஹில்ட் வந்து நின்றாள். இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று அவன் யோசிக்கவே இல்லை. சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யுமா, என்ன?

"மாரடைப்பா இருக்கும் மேடம். வயசாச்சுல்ல..."

"இருக்கலாம். கடைசியா என்ன குடிச்சார்?"

"இதோ, இந்த அவுஸ்லேஸ. நல்லாப் பழுத்த கொத்தாப் பொறுக்கிச் செய்றது."

"பரவாயில்லையே! கொலோன் ஊர்க்காரர், பீர் குடிக்கிற ஆசாமி... இவ்வளவு தெரியுமா?"

"மோசல் மாப்பிள்ளையாச்சே! முதல்ல காபினெட். அதைவிடப் பழுத்தது ஷ்பேட்லேஸ. அதுக்கும் மேல அவுஸ்லேஸ. பழுக்கப் பழுக்கத் தேன்!"

"இதுல யாராவது விஷம் கலந்திருந்தா...?"

"தெரியவே தெரியாது. அவ்வளவு இனிப்புல அந்தக் கசப்பு எங்கே தெரியப் போகுது?"

ரைன்ஹில்ட் பேனாவை மூடினாள்.

"கசப்புன்னு நான் சொல்லவே இல்லையே!"

"அ... அது... எல்லா விஷமும் கசக்கும்தானே..."

"இது ரொம்பவே கசந்துச்சு, மாப்ளே!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

ஃபோல்க்மார் பீப்பாயைப் பிடித்தபடியே சரிந்தான்.

"அவுஸ்லேஸன்னா, பறிக்கும்போது பழம் எவ்வளவு பழுத்திருந்துச்சுங்கிற கணக்குடா மடையா!" கிஸ்பெர்ட் கர்ஜித்தார். "அந்தச் சர்க்கரை பூராவையும் நான் புளிக்க விட்டுட்டேன். இனிப்பில்லைன்னு லேபிள்ல 'ட்ரோக்கன்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, படிக்கலையா?"

"ஆனா... குடிச்சீங்களே!"

"ஒயின்காரன் எவன்டா முதல் வாயை முழுங்குவான்? துப்பிட்டேன்! வாளியில பத்திரமா இருக்கு. துப்பின கையோட மேடத்துக்குப் போன் போட்டேன்."

கையில் விலங்கு விழுந்தது.

"மேடம்... எத்தனை வருஷம் ஆகும்?"

ரைன்ஹில்ட் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தாள்.

"அவுஸ்லேஸ கணக்குதான். நல்லாப் பழுத்த பிறகுதான் வெளியே எடுப்பாங்க!"