சொர்ணம் ஏற்றிய வட்டு

செவ்வாய்க் கிரகச் சுரங்கக் குடியிருப்பில் தினமும் காலை ஆறு மணிக்கு எல்லோருடைய கோபமும் அழிக்கப்படும். நிர்வாகத்தின் இயங்குதளம் காற்றலையில் வந்து தலைக்குள் பதித்த சில்லுகளில் இறங்கி, முந்தைய நாள் எரிச்சலைத் துடைத்துவிட்டுப் போகும். ஜனங்கள் பல் தேய்த்துக்கொண்டே அதை வாங்கிக்கொள்வார்கள்.

அன்று சொர்ணவல்லி வாங்கிக்கொள்ளவில்லை. ஐந்தரைக்கே சில்லின் அலைவாங்கியைப் பிடுங்கி எறிந்திருந்தாள். முகமூடியைக் கழற்றி மூச்சுவிடத் தொழிலாளர்களுக்கு இருந்த இருபது நிமிட இடைவேளையை நிர்வாகம் பறிக்கப் போகிறது. அதற்குத்தான் பத்து மணிக்குக் கூட்டம். போன வாரம்தான் அவள் தங்கை சுரங்கத்துக்குள் மயங்கி விழுந்தாள். அந்தக் கோபத்தை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

ஆனால் இயங்குதளம் இல்லாத சில்லு அரை நாளில் ஆளைத் தூங்க வைத்துவிடும். எனவே சந்தையில் இலவசமாகக் கிடைத்த பழைய இயங்குதள வட்டு ஒன்றைச் சுழல்பெட்டியில் போட்டு, ஒயரைக் காதுக்குப் பின்னால் செருகினாள். வட்டு கேள்வி மேல் கேள்வி கேட்டது. அவள் ‘அடுத்து, அடுத்து’ என்று அமுக்கிக்கொண்டே போனாள்.

“ஏட்டி, என்ன கேக்குதுன்னு பாத்து அமுக்கு” என்றான் கணவன் தங்கப்பழம்.

“இருவது வருசமா நிர்வாகத்துக்காரன் கேக்காமலே அழிச்சான். அப்பல்லாம் சும்மா இருந்துட்டு இப்ப வாரீகளோ? மணி ஒம்பதே முக்கா!”

கூட்டத்தில் பாதிப் பேராவது இருந்து தலையாட்டினால்தான் உத்தரவு செல்லும். முந்நூறு தலைகள் ஆடத் தயாராக இருந்தன. சொர்ணம் எழுந்தாள்.

“முடியாது! எந் தங்கச்சி மூச்சுமுட்டி விழுந்தா. நாளைக்கு ஒங்க வீட்டுப் பிள்ள விழும். இடைவேளைய விட்டுத் தர முடியாது!”

யாரும் அசையவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார்.

அப்போது அவள் வாய் தானாகத் திறந்தது. குரலில் தேன் வழிந்தது. “சுத்தமான செக்கு நல்லெண்ணெய்! பூமியிலேர்ந்து வந்தது! மூணாம் குவிமாடத்துக் கடையில இன்னைக்கு மட்டும் பாதி விலை!”

சொர்ணம் பதறி வாயைப் பொத்தினாள். அமுக்கிய அவசரத்தில், வட்டு தன் வாயால் விளம்பரம் செய்யவும் சேர்த்துச் சம்மதித்திருக்கிறாள்!

கோபத்தைத் துடைத்த நிர்வாகம் ஆசையைத் தொட்டதே இல்லை. நாற்காலிகள் கவிழ்ந்தன. அரங்கம் ஒரு நிமிடத்தில் காலி. உத்தரவை வாசித்த நிர்வாகியும் தாளைப் போட்டுவிட்டு ஓடினார். தலையாட்ட ஆளில்லாமல் உத்தரவு செத்தது. அன்று சுரங்கத்துக்குள்ளும் ஒருவரும் இறங்கவில்லை.

தங்கப்பழம் வாசலில் தயங்கி நின்றான். “ஏட்டி, நமக்கும் ரெண்டு லிட்டர் வாங்கிரவா?”

“வாங்குங்க” என்று பல்லைக் கடித்தாள் சொர்ணம். “அப்படியே, அடுத்த கூட்டத்தன்னைக்குக் கடைக்காரன் எதுக்குத் தள்ளுபடி போடுவான்னும் கேட்டுட்டு வாங்க.”