குனியாத வணக்கம்

மாலைக் கதிரவன் மலைமுகட்டின் பின்னே இறங்கிக்கொண்டிருக்க, எதிர்த்திசையில் முழுநிலவு எழுந்துகொண்டிருந்த அந்த அரிய வேளையில், உதயத் தீவின் மியோ ஆறு பாதி பொன்னாகவும் பாதி வெள்ளியாகவும் உருகி, மூங்கில் வனங்களுக்கிடையே ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்தது. துறையில் இருவர் நின்றிருந்தார்கள். ஒருவன், நுளையூர்ப்பட்டினத்துக் கடற்படைத் தலைவன் பொற்காரி. மற்றவள், அத்தீவின் சிற்றரசர் வழித்துணையாக அனுப்பிய மினாமோ என்னும் நங்கை. மூன்று நாள் வெயிலில் நடந்தும் அவளுடைய நீலப் பட்டாடையின் ஓரம் உலரவேயில்லை. ஆற்றங்கரைப் பனி என்று எண்ணி அவன் அதை விட்டுவிட்டான்.

அவன் ஏன் இத்தனை கடல் கடந்து வந்தான் என்பதை வாசக அன்பர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மழை குறைந்து ஆற்றின் வேகம் தளர்ந்தால், அது சுமந்து வரும் மணல் கடலுக்குள் போகாமல் முகத்துவாரத்திலேயே படிந்துவிடும். கடல் ஓதம் பெருகி உள்ளே ஏறி, வடியும்போது வலுவாக இழுத்தால்தான் அந்த மணல் வெளியேறும். நுளையூரில் ஐந்தாண்டுகளாக மழையும் பெய்யவில்லை, ஓதமும் பெருகவில்லை. கலங்கள் தரைதட்டின, துறையை நம்பிய மூவாயிரம் குடிகள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். கடலை ஏற்றவும் இறக்கவும் வல்ல ஓதமணி என்னும் அருங்கல் உதயத் தீவில் இருப்பதாகக் கேள்வியுற்ற வேந்தர், “கேட்டு வாங்கி வா” என்று பொற்காரியை அனுப்பினார். அத்தீவின் மொழியைக் கற்கவே அவனுக்கு ஓராண்டு பிடித்தது. நாளை விடியலில் கிளம்பும் காற்றைத் தவறவிட்டால் இன்னோர் ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் நுளையூர் என்று ஓர் ஊரே இராது.

“மணி அக்கரைக் குகையில் இருப்பதாகச் சொல்வார்கள், தலைவரே,” என்றாள் மினாமோ. “ஆனால் இத்துறைக்கு ஒரு காவலன் உண்டு. கப்பா என்போம். அவன் உச்சந்தலை கிண்ணம்போல் குழிந்திருக்கும். அதில் ஆற்றுநீர் நிற்கும். அவன் பலம் முழுவதும் அந்த நீரில்தான். நிறைந்திருந்தால் பத்துக் குதிரைகளை இழுப்பான். கொட்டிவிட்டால் கால் மடங்கி விழுவான்.”

“கொட்டுவது எப்படி?”

“மிகவும் எளிது. எங்கள் நாட்டில் வணக்கம் என்றால் இடுப்பை வளைத்துக் குனிவது. யார் வணங்கினாலும் திருப்பி வணங்காமல் இருக்க அவனால் முடியாது, பிறவிக் குணம். நீங்கள் குனியுங்கள், அவனும் குனிவான். இதுவரை வந்த வீரர் அனைவரும் அப்படித்தான் கடந்தார்கள்.”

“அவர்களுக்கு மணி கிடைத்ததா?”

“குகை வெறுமையாக இருந்ததாம்,” என்று அவள் முறுவலித்தாள்.

அப்போது நீர் கலங்கியது. முதுகில் ஆமை ஓட்டைச் சுமந்த, சிறுவன் உயரமே உள்ள பச்சை உருவம் ஒன்று கண்களை இறுக மூடியபடி எழுந்தது.

“யார் அங்கே? குனியாதீர்! குனிந்தாலும் நான் பார்க்கப்போவதில்லை!”

“கண்ணை மூடிக்கொண்டா காவல் காக்கிறீர், ஐயா?”

“அதுதான் என் தலையெழுத்து! சென்ற ஆண்டு ஓர் எருமை என்னை மிதித்துக்கொண்டே போயிற்று. யாரென்று கேட்டேன், பதில் சொல்லாமல் போய்விட்டது, மரியாதை தெரியாத எருமை.”

பொற்காரி சிரித்துவிட்டான். மினாமோ அவன் காதருகே, “‘வணங்குகிறேன்’ என்று வாயால் சொன்னாலே போதும், குனிந்துவிடுவான்,” என்றாள்.

ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லில் மூவாயிரம் குடிகளின் வாழ்வு இருந்தது. ஆனால் கப்பா தன் தலைக்கிண்ணத்தை இரு கைகளாலும் மூடிக்கொள்வதை அவன் கண்டான். கேட்டு வாங்க வந்தவன் வாயிற்காவலனை வீழ்த்திவிட்டு உள்ளே போனால், அதன் பெயர் கேட்பதா?

“ஐயா, எங்கள் நாட்டில் வணங்குவதற்குக் குனிய வேண்டியதில்லை. கழுத்து நேராக நிற்கலாம். இரு கைகளையும் குவித்தால் போதும்.”

“பொய்!”

“ஒரு கண்ணைத் திறந்து பாரும். ஒரு துளி சிந்தினாலும் நானே முகந்து நிரப்புகிறேன்.”

இடக்கண் மெல்லத் திறந்தது. எதிரே பொற்காரி நிமிர்ந்து நின்று, மார்புக்கு நேரே கைகுவித்திருந்தான். பிறவிக் குணம் கப்பாவை இழுத்தது; சவ்வு படர்ந்த கைகள் தாமே குவிந்தன. தலைநீரில் மிதந்த நிலவு ஒருமுறை நடுங்கி, நிலைத்தது. ஒரு துளியும் சிந்தவில்லை.

“முந்நூறு ஆண்டுகள்,” என்றது அது. “வந்தவர் முகம் ஒன்றையும் நான் நிமிர்ந்து நின்று பார்த்ததில்லை. எல்லாருக்கும் இதே வணக்கம்தானா?”

“ஒத்தவர்க்கு மார்பளவு. பெற்றோர்க்கும் வேந்தர்க்கும் முகத்தளவு. தெய்வத்துக்குத் தலைக்கு மேலே.”

“தலைக்கு மேலேயா! என் தலைநீர் சிந்திவிடாதா?”

“தலையைத் தொடாமல், சற்றே உயர்த்தி.”

புதுப் பொம்மை கிடைத்த குழந்தைபோல அது மார்பளவில் ஒருமுறை, முகத்தளவில் ஒருமுறை செய்து பார்த்தது. பிறகு மறு கண்ணையும் திறந்தது, மினாமோவைக் கண்டது. உடனே அதன் முகத்தில் விளையாட்டு மறைந்தது. இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, அசையாமல் நின்றது.

பொற்காரி திரும்பினான். உலராத அந்த ஆடையோரத்தைத் தேடி, ஆற்றுநீர் படியேறி வந்து அவள் பாதங்களைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“மறைக்கத் தெரியாத காவலன்,” என்று அவள் நகைத்தாள். “கடலரசன் மகள் நான். குகை எப்போதும் வெறுமைதான், தலைவரே. மணி என்னிடம் இருக்கிறது. பறிக்க வந்தவரா, கேட்க வந்தவரா என்று அறியவே மூன்று நாள் உம்மோடு நடந்தேன்.”

பட்டாடையின் அகன்ற கைமடிப்பிலிருந்து அவள் எடுத்த மணிக்குள் ஒரு சிறு கடல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“துறை திறந்ததும் இது திரும்பி வர வேண்டும்.”

“திறந்தபின் எழும் முதற்காற்றில் கொண்டுவருவேன். வேறு யாரையும் அனுப்பமாட்டேன், நானே வருவேன். என் கலத்தின் மீது ஆணை!”

“வேறு யார் வந்தாலும் நான் வாங்கமாட்டேன்,” என்றாள் அவள், தாழ்ந்த குரலில்.

பொற்காரி மணியைக் கச்சையில் முடிந்துகொண்டு, தெய்வத்துக்குரிய முறைப்படி குவித்த கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தப்போனான். ஈரம் படிந்த விரல்கள் அக்கைகளைப் பற்றி, முகத்தையும் தாண்டிக் கீழே இறக்கி, அவன் மார்புக்கு நேரே நிறுத்தின.

“இந்த உயரம் போதும்,” என்றாள் மினாமோ.