நான்காவது உறுப்பினரின் தகுதி

காலையில் இரண்டு இட்லி தின்றுவிட்டு, "வெறும் வயிறுதான்" என்று சாதித்த ஒருவரை அறுவை மேசையிலிருந்து இறக்கிவிட்டது நுண்கரம். செங்கரையில் இது தினமும் நடப்பதுதான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர் அசட்டுச் சிரிப்புடன் சட்டையை மாட்டிக்கொண்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாயின் மண்ணுக்கடியில் குவிமாடங்களும் சுரங்கங்களுமாகப் பரவிக் கிடந்த அந்த ஊரில், மனிதர் கையில் கத்தி இருந்த காலம் போய்விட்டது. அறுப்பதும் தைப்பதும் நுண்கரங்களின் வேலை. எட்டு மெல்லிய விரல்கள் கொண்ட அந்த இயந்திரங்கள் களைப்பதில்லை, நடுங்குவதில்லை. மாறாதவர்கள் நோயாளிகள் மட்டும்தான். சாப்பிட்டதை மறைத்தார்கள், குடித்ததை மறைத்தார்கள், அதனால் மேசையிலேயே சிலர் செத்தும் போனார்கள். ஆகவே ஒவ்வொரு நுண்கரத்துக்குள்ளும் மெய்யுணரி என்ற உறுப்பைப் பொருத்தினார்கள். அது குரலை வைத்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடும். பொய் என்று தெரிந்தால் கை நின்றுவிடும்.

நுண்கரங்களுக்கென்று ஓர் அறுவை மருத்துவக் கல்லூரி உண்டு. பாடம் நடத்தும் கல்லூரி அல்ல. யார் கத்தி வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்று தீர்மானிக்கும் தொழில்முறைக் கழகம். அதன் உறுப்பினர்கள் இயந்திரங்கள், ஆட்சிக் குழு மட்டும் மனிதர்கள். வெட்டுவது இயந்திரமாக இருந்தாலும் பொறுப்பு மனிதனுடையது என்று ஊரை நிறுவியவர்கள் சட்டம் போட்டிருந்தார்கள். பழைய குழு விலகிய நொடியில், எந்த நுண்கரமும் மேற்கொண்டு வெட்ட முடியாதபடி அதிகாரச் சாவி பூட்டிக்கொள்ளும். புதியவர்களை அறிமுகம் செய்து, நுண்கரங்கள் ஏற்றுக்கொண்டதும் திறந்துகொள்ளும். இதுவரை அறிமுகம் எழுத்தில் போய்க்கொண்டிருந்தது. எழுத்துக்குக் குரல் கிடையாது, ஆகவே கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இந்த முறை ஆளுநருக்கு விழா வேண்டியிருந்தது. மேடை, மாலை, ஒலிபெருக்கி, ஊர் முழுக்க நேரலை.

அறிமுகம் செய்ய வேண்டியவள் கல்லூரியின் செயலர் மங்கையர்க்கரசி. அன்று காலையில்தான் சுரங்கத்தில் பாறை சரிந்து அவள் கணவன் ஜெயசீலனின் வயிற்றில் விழுந்திருந்தது. மண்ணீரல் கிழிந்துவிட்டது என்றார்கள். அவனை மேசைக்குக் கொண்டுபோகும்போது, செவிலி ஆமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாதாரண ஆபரேஷன்தான் அக்கா. நான் பக்கத்துலயே இருக்கேன். நீங்க போய் விழாவை முடிச்சிட்டு வாங்க, ஆளுநர் ஆபீஸ்ல இருந்து மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க."

மங்கையர்க்கரசி போனாள்.

மேடையில் நான்கு நாற்காலிகள். முன்வரிசையில் ஆளுநர். மேடைக்கு மேலே, நுண்கரங்களின் சம்மதத்தைக் காட்டும் விளக்கு வட்டம். மணி அடித்தது. பழைய குழு எழுந்து கும்பிட்டு இறங்கியது, புதிய நால்வர் அந்த நாற்காலிகளில் அமர்ந்தார்கள். மங்கையர்க்கரசி ஆளுநர் அலுவலகம் எழுதிக் கொடுத்ததை வாசித்தாள்.

"தலைவராகப் பொறுப்பேற்கும் திரு. கதிரேசன் அவர்கள், மருத்துவத் துறைக்குத் தம் வாழ்வையே அர்ப்பணித்தவர். அவருடைய அரும்பணிகளைக் கருதியே…"

விளக்கு வட்டம் சிவந்தது.

கூட்டத்தில் சலசலப்பு. விளக்குக் கோளாறு என்று நினைத்து அவள் மறுபடி வாசித்தாள். மறுபடி சிவப்பு. அப்போது அவள் காதுக்குள் பதித்திருந்த செவிமணியில் ஆமினாவின் குரல் கேட்டது.

"அக்கா, அங்க என்ன நடக்குது? இங்க எல்லா மேசையும் நின்னுடுச்சு. மாமாவுக்கு வயித்தைத் திறந்தாச்சு. கரம் ரத்தக்குழாயைப் பிடிச்சிட்டு அப்படியே நிக்குது, மேற்கொண்டு வெட்ட மாட்டேங்குது. ரத்தம் கசிஞ்சிட்டே இருக்கு அக்கா!"

மேடையின் ஒலிபெருக்கியில் நுண்கரங்களின் தலைமைக் குரல், எப்போதும்போல் நிதானமாகப் பேசியது.

"செயலர் அவர்களே, இந்த அறிமுகம் உண்மையல்ல. இவர் நியமிக்கப்பட்டதன் காரணத்தைச் சொல்லுங்கள்."

மங்கையர்க்கரசி ஆளுநரைப் பார்த்தாள். அவர் புருவத்தை உயர்த்தினார். சமாளி என்று அதற்குப் பொருள். சமாளித்தால் ஜெயசீலன் பிழைக்கமாட்டான். உண்மையைச் சொன்னால் வேலை போகும், வேலையோடு கொடுத்த வீடும் போகும். அவள் கையிலிருந்த தாளை மடித்துக் கீழே போட்டாள்.

"இவர் ஆளுநரோட மருமகன். ஆளுநருக்கு ஒரே பொண்ணு. அதனாலதான்."

கதிரேசனின் முகம் கறுத்தது. "ஏம்மா, என்ன பேசுறே?" என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். வட்டத்தின் கால் பகுதி பச்சையானது.

"ஏற்கப்பட்டது," என்றது குரல். "அடுத்தவர்?"

இனி நிறுத்த முடியாது. "இவங்க வெற்றிச்செல்வி. தேர்தல்ல ஆளுநருக்காக ஒவ்வொரு குவிமாடமா போய்ப் பேசினாங்க. அமைச்சர் பதவி கேட்டாங்க, அதுக்குப் பதிலா இதைக் குடுத்தாங்க." பச்சை. "இவர் குலசேகரன். எதிர்க்கட்சியில இருந்தவர். இந்த நாற்காலி தர்றதா சொன்ன பிறகு கட்சி மாறினார்." பச்சை.

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். வெற்றிச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நுண்கரங்களிடம் எந்தச் சலனமும் இல்லை. பொய் இல்லை, அவ்வளவுதான்.

"அக்கா, பிரஷர் இறங்குது," என்றாள் ஆமினா.

மங்கையர்க்கரசிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மிச்சமிருப்பவர் டாக்டர் சவரிமுத்து. அவருக்காக வெட்கப்பட எதுவும் இல்லை. நான்காவது இடத்துக்கு இருந்தவர் கடைசி நேரத்தில் பூமிக்குப் போய்விட, அவள்தான் அந்தப் பெயரை எழுதி அனுப்பியிருந்தாள். ஆளுநர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இவர் டாக்டர் சவரிமுத்து. செங்கரையில தன் கையால அறுவை செஞ்ச கடைசி மனுஷர். நாலாயிரம் பேரைப் பிழைக்க வெச்சவர். இந்தத் தொழிலை இவரைவிட அறிஞ்சவங்க இங்க யாரும் இல்லை. அந்தக் காரணத்துக்காகவே இவர் பேரை நான் எழுதினேன்."

விளக்கு பச்சையாகவில்லை, சிவக்கவும் இல்லை. மஞ்சளாக நின்றது.

"நீங்கள் பொய் சொல்லவில்லை," என்றது குரல். "ஆனால் காரணம் கிடைக்கவில்லை. இவர் உங்களுக்கு உறவா?"

"இல்லை."

"உங்களுக்கு ஏதாவது உதவி செய்தவரா? செய்யப்போகிறவரா?"

"இல்லை. அவர்கிட்ட நான் பேசினதே ரெண்டு தடவைதான்!"

"மேசையில் மயக்கத்துக்குப் போகும்போது மனிதர்கள் பேசுகிறார்கள். இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். யாருக்கு எந்தப் பதவி எதனால் கிடைத்தது என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். தொழில் தெரியும் என்பதற்காக ஒருவர் ஆட்சிக் குழுவில் அமர்ந்ததாக ஒருவர்கூடச் சொன்னதில்லை. இது நாங்கள் அறியாத அறிகுறி. தன் நோய் என்னவென்று தெரியாத நோயாளிபோல நீங்கள் பேசுகிறீர்கள். உண்மைக் காரணம் வேறு யாருக்கேனும் தெரிந்திருக்கும். அது தெரியாமல் நாங்கள் கத்தி வைக்க முடியாது."

"அங்க என் வீட்டுக்காரர் செத்துட்டு இருக்கார்!" என்று அவள் கத்தினாள்.

"அறிவோம். பிடித்துக்கொண்டிருக்கிறோம்."

சவரிமுத்து எழுந்தார். "நான் விலகிக்கிறேன். என்னால ஓர் உயிர் போக வேணாம்."

"குழுவில் நால்வர் இருக்க வேண்டும் என்பது சட்டம்," என்றது குரல்.

"அப்ப என்னை அந்த அறைக்கு விடுங்க. நானே தைச்சிடறேன்."

"குழு இல்லாமல் உங்களுக்கும் அனுமதி இல்லை."

அவர் தன் வெறுங்கைகளைப் பார்த்தபடி நின்றார். செவிமணியில் ஆமினா அழ ஆரம்பித்திருந்தாள்.

அப்போதுதான் கதிரேசன் எழுந்து வந்தார். மானம் போனது போயிற்று, நாற்காலியும் போகவேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். சவரிமுத்துவின் தோளில் கை வைத்து, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

"மேற்குக் குவிமாடம்."

"அது இல்லீங்க. பூர்வீகம்?"

"பூமியில மணப்பாடு."

"மணப்பாட்டுல நமக்கு யாரும் இல்லையே… சம்சாரம்?"

"அவங்க இறந்துட்டாங்க. அவங்களும் அதே ஊர்தான்."

"பிள்ளைங்க?"

"இல்லை. அண்ணன் மகன் ஒருத்தன் இருக்கான், லூர்து. வடக்குப் பிராணவாயு ஆலையில வேலை."

"சீக்கிரம் கேளுங்க!" என்றாள் மங்கையர்க்கரசி. தான் என்ன சொல்கிறோம் என்பது அவளுக்கே உறைக்கவில்லை.

"வடக்கு ஆலையில லூர்துன்னா… கொஞ்சம் குண்டா, கண்ணாடி போட்டுட்டு, கேரம் நல்லா ஆடுவாரே?"

"அவன்தான்."

"அட!" கதிரேசனின் முகம் உண்மையாகவே மலர்ந்தது. "என் மச்சான்கூட தினமும் கேரம் ஆடுறவர்ய்யா அவரு! எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வருவாரு. இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" அவர் விளக்கு வட்டத்தை நிமிர்ந்து பார்த்து உரக்கச் சொன்னார்: "இவர் நம்ம ஆளு!"

அந்தச் சொற்களில் பொய் துளியும் இல்லை.

"இந்த அறிகுறியை அறிவோம்," என்றது குரல். "ஏற்கப்பட்டது."

வட்டம் முழுவதும் பச்சையானது. எங்கோ பல மேசைகளில் எட்டெட்டு விரல்கள் ஒரே சமயத்தில் அசைந்தன.

"வெட்டுது அக்கா! வெட்டுது!" என்று ஆமினா சிரித்துக்கொண்டே அழுதாள். மங்கையர்க்கரசி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஆளுநர் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஊருக்குத் தெரியாத எதையும் அவள் சொல்லிவிடவில்லையே.

கல்லூரி வாசலில் புதிய பெயர்ப்பலகை வந்தது. ஆட்சிக் குழு உறுப்பினர்களின் தகுதியை வழக்கம்போல நுண்கரங்களே பொறித்தன. நான்காவது வரி இப்படி இருந்தது: "சவரிமுத்து. தலைவரின் மச்சானோடு கேரம் ஆடுபவரின் சித்தப்பா." நாலாயிரம் அறுவைகளைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அவர் அதைப் படித்துவிட்டு உள்ளே போனார்.

ஜெயசீலன் இரண்டு நாள் கழித்துத்தான் தெளிவாகப் பேசினான். நடந்ததையெல்லாம் அவள் சொல்ல, தையல் வலிக்கச் சிரித்தான், பிறகு யோசித்தான்.

"அப்போ சவரிமுத்து ஐயாவை உனக்கு நல்லாத் தெரியும்னு ஆயிடுச்சு."

"ஆமா. அதுக்கென்ன?"

"இனிமே சுரங்கத்துக்குள்ள இறங்க எனக்குப் பயமா இருக்கு அரசி. மேல ஆபீஸ்ல ஓர் இடம் காலியா இருக்காம். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். அவர் கதிரேசன்கிட்ட சொன்னா…"

அவள் அவன் போர்வையை இழுத்துவிட்டு, சன்னமான குரலில் சொன்னாள்:

"நேத்தே சொல்லிட்டேன்."